படாங்கரின் பாய்மக் கணிப்பு நூல்: ஒரு மதிப்பீடு

'நியூமெரிக்கல் ஹீட் டிரான்ஸ்ஃபர் அண்ட் ஃப்ளூயிட் ஃப்ளோ' சுகாஸ் வி. படாங்கர் எழுதி 1980-ல் வெளிவந்த ஆங்கில நூல். இருநூறு பக்கம்கூட இல்லை. படாங்கர் மும்பை ஐ.ஐ.டி.யிலும் லண்டன் இம்பீரியல் கல்லூரியிலும் பயின்றவர்; பிரையன் ஸ்பால்டிங்குடன் சேர்ந்து 1972-ல் 'சிம்பிள்' என்னும் கணிப்பு முறையை வெளியிட்டவர். இன்றைய பாய்ம மென்பொருள்கள் பலவற்றில் அம்முறையோ அதன் வழிவந்தவையோ உள்ளன.

என் பழைய மாணவர் ஒருவர் பொறியாளர். விடுமுறைக்குக் கோடியக்கரை வந்தபோது, கணினியில் கட்டங்களை மாற்றினால் விடையும் மாறுகிறது, ஏன் என்று தெரியவில்லை என்றார். மென்பொருள் எதைக் கொடுத்தாலும் வண்ணப்படம் தரும்; தவறான படமும் அழகாகவே இருக்கும். பள்ளியில் இயற்பியல் நடத்திய நான் அவருடன் உட்கார்ந்து இந்நூலைப் படித்தேன்.

நூலின் அடிப்படைக் கருத்து நம் வயல்காரர்களுக்குப் புதிதல்ல. ஒரு வயலில் மடைவழி வந்த நீர், வடிந்த நீர், தேங்கிய நீர் மூன்றுக்கும் கணக்கு நேராக வேண்டும். ஒரு வயலின் வடிகாலில் போனதே அடுத்த வயலின் மடையில் வந்ததாகவும் இருக்க வேண்டும். படாங்கர் ஓடும் பாய்மத்தை இப்படிச் சிறு வயல்களாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் கணக்கு எழுதுகிறார்.

ஐந்தாம் அத்தியாயமே நூலின் உயிர். மூன்று புள்ளிகளை எடுத்துக்கொள்வோம். நீர் இடமிருந்து வலமாக ஓடுகிறது. இடப்புறம் 30 பாகை, வலப்புறம் 40 பாகை. ஓட்டத்தின் வலிமை 4, வெப்பப் பரவலின் வலிமை 1. அண்டைப் புள்ளிகளின் சராசரியை வைத்துக் கணக்கிட்டால் நடுப்புள்ளி (3×30 − 40)/2, அதாவது 25 பாகை. குளிரூட்டி எதுவும் இல்லாமல் 30-க்கும் 40-க்கும் நடுவே 25 எப்படி வரும்? மேல்மடைப் புள்ளிக்கு முதன்மை கொடுத்தால் (5×30 + 40)/6, ஏறக்குறைய 31.7. இது நம்பத்தக்கது. மாணவரின் குழப்பம் பாதி இங்கேயே தெளிந்தது. கட்டத்தைச் சிறிதாக்கினால் பரவலின் வலிமை கூடும். முதல் முறையும் சரியான எல்லைக்குள் வந்துவிடும்.

ஆனால் மேல்மடை முறைக்குப் படாங்கர் தேவைக்கு மேல் பரிந்து பேசுகிறார் என்பது என் கருத்து. ஓட்டம் கட்டங்களுக்குக் குறுக்காகப் போனால் அம்முறை கூர்மையான மாற்றங்களை மழுங்கடிக்கும். அதை அவர் மறைக்கவில்லை, ஆயினும் எளிதாகக் கடந்துபோகிறார்.

பெரிய குறை வேறு. கொந்தளிப்பான ஓட்டத்துக்குத் தனி அத்தியாயம் இல்லை, கட்டங்களும் ஒழுங்கானவையே. எங்கள் கடற்கரை கோடியக்கரையில் தெற்கு நோக்கி வந்து சட்டென மேற்கே திரும்புகிறது. 2018 நவம்பர் 16-ல் வேதாரண்யம் அருகே கரைகடந்த கஜா போன்ற புயலின் கடலேற்றத்தைக் கணிக்க முக்கோண வலைகள் வேண்டும். ஐதராபாத்திலுள்ள இன்காய்ஸ் நிறுவனம் பயன்படுத்தும் 'ஆட்சர்க்' அத்தகையது. கொந்தளிப்பைப் பற்றி அறிய வெர்ஸ்டீக், மலலசேகர இருவரும் எழுதிய நூலுக்குத்தான் போக வேண்டும்.

பணியில் இருப்பவர் மூன்று முதல் ஆறு வரையுள்ள அத்தியாயங்களை வரிசை மாறாமல் படிக்கலாம். ஆறாவதில் வேகம் குறையும். அழுத்தம் 5, 9, 5, 9 என்று மாறி மாறி இருந்தாலும், ஒன்றுவிட்ட புள்ளிகளை ஒப்பிடும் சமன்பாடு அதைச் சமமான அழுத்தம் என்றே எண்ணிக்கொள்ளும். அதனால்தான் திசைவேகத்தை வரப்பின் மேலும் அழுத்தத்தை வயலின் நடுவிலும் வைக்கிறார். இந்த ஓர் இடத்துக்கே எங்களுக்கு இரண்டு மாலைப்பொழுதுகள் ஆயின.