ரிட்லியின் விதைகள்

ஹென்றி ரிட்லி தாவரப் பரவல் பற்றி எழுதிய நூல் 1930-இல் வெளிவந்தது. 700 பக்கங்களுக்கு மேல். காற்று, நீர், பறவை, மனிதன் என்று விதை எதிலெல்லாம் ஏறிப் போகிறது என்பதன் பெரும் பட்டியல். நாவல் மாதிரி ஒரே மூச்சில் வாசிக்க முடியாது. புரட்டிப் புரட்டித்தான் படிக்கணும்.

1888 முதல் சிங்கப்பூர் தாவரவியல் பூங்காவை நடத்தியவர் அவர். அங்கே 1877-இல் வந்திறங்கியவை 22 ரப்பர் கன்றுகள். மரம் சாகாமல் பால் வெட்டும் முறையை ரிட்லி உருவாக்கினார். மலாயாவில் தோட்டங்கள் பெருகின. பால் வெட்ட நம்மாட்கள் கப்பலேறினார்கள். நூலில் மனிதன், விதையைச் சுமக்கும் வாகனம். விதை மனிதர்களை இழுத்துப் போன கதை அந்தச் சட்டகத்துக்குள் வராது.

நகராத விதைகளும் அப்படித்தான். அதே பூங்காவில் 2019-இல் விதை வங்கி திறந்தார்கள். ஆனால் அந்த மண்ணின் டிப்டெரோகார்ப் மரங்கள் பலவற்றின் விதை, காயவைத்தாலே செத்துவிடும். எங்கள் தொழில் பாஷையில், பேக்கப் எடுக்க முடியாத டேட்டா. மரம் நிற்கும் காடுதான் அதற்கு வங்கி. பூங்காவுக்குள் மிஞ்சியிருப்பது சுமார் 6 ஹெக்டேர்.

ரிட்லியைப் படிக்கும்போது விதை எப்படியாவது போய்ச் சேர்ந்துவிடும் என்று தோன்றும். அந்தத் தெம்பில் புத்தகத்தை மூடிவிடக்கூடாது.