சந்தனத்தின் பொறுமை: ஷமாமா அத்தர் குறித்து ஒரு மதிப்பீடு

கவிதையை மதிப்பிட நம்மிடம் அளவுகோல்கள் உண்டு. கட்டடத்தை மதிப்பிடவும் உண்டு. அத்தரை மதிப்பிடுவதற்கோ நாம் எதையும் வகுத்துக்கொள்ளவில்லை. ஜும்ஆவுக்கும் பெருநாளுக்கும் விரும்பிப் பூசிக்கொள்ளும் ஒரு பொருளைக் கடைக்காரர் புறங்கையில் தடவிய மறுகணமே ஏற்கிறோம், அல்லது விலக்குகிறோம். அத்தர்க் கலையின் சிறந்த படைப்புகளுள் ஒன்றான ஷமாமாவை முன்வைத்து இவ்வழக்கத்தின் பிழையை ஆராய விழைகிறோம்.

உத்தரப்பிரதேசத்தின் கன்னோஜ் நகரில் வடிக்கப்படும் ஷமாமா தனியொரு மலரின் சாரமன்று. ஏலம், கிராம்பு, சாதிக்காய், சாதிபத்திரி, சடாமாஞ்சில், கோரைக்கிழங்கு, கல்பாசி எனப் பல சரக்குகளின் கூட்டு அது. சேர்மானமும் அளவும் வடிப்போர் குடும்பத்துக்குக் குடும்பம் மாறும். சரக்குகளை நீருடன் செம்புக் கலத்தில் இட்டு, மூடியைக் களிமண்ணால் அடைத்து, விறகாலும் வறட்டியாலும் சூடேற்றுவர். எழும் ஆவி மூங்கில் குழாய் வழியே, நீர்த்தொட்டியில் அமர்த்தப்பட்ட மற்றொரு கலத்தை அடையும். அக்கலத்தில் இருப்பது சந்தன எண்ணெய். குளிர்ந்த ஆவியின் மணத்தை எண்ணெய் ஏற்றுக்கொள்ள, நீரைப் பிரித்தெடுத்துவிட்டு மீண்டும் வடிப்பர். இப்பணி பல நாட்கள் நீளும்.

இனி, தோலின்மீது நிகழ்வதைக் காண்போம். நல்ல ஷமாமாவின் ஒரு துளியை மணிக்கட்டில் இட்டு ஒரு பகல் முழுதும் கவனித்தோம். முதலில் எழுவது நாட்டு மருந்துக்கடையின் வாடை. ஏலத்திலுள்ள சினியோல் போன்ற இலேசான கூறுகள் விரைந்து ஆவியாவதே இதற்குக் காரணம். இத்தொடக்கம் கரடுமுரடானது என்பதை மறைக்க வேண்டியதில்லை. சற்று நேரத்தில் கிராம்பின் யூஜினால் வெதுவெதுப்புடன் மேலெழுகிறது. கிராம்பு மிகுந்துவிட்டால் பிறவற்றை அமுக்கிவிடும் என்பது இப்படைப்பு எதிர்கொள்ளும் இடர். உடன் வரும் கல்பாசியின் மண்வாசம் நம் இல்லத்து பிரியாணிச் சட்டியை நினைவூட்டுகிறது. பிற்பகலில் இவை அடங்க, பாலின் மென்மையோடு சந்தனம் எஞ்சுகிறது. அது இறுதியில் வந்ததன்று. தொடக்கம் முதல் பிறவற்றைத் தாங்கி நின்றதே. கனமான சந்தலால் மெதுவாகவே ஆவியாகும். தாங்கியவர் எவர் என்பது மற்றவர் விடைபெற்ற பின்னரே தெரிகிறது.

இந்த அடித்தளம்தான் இன்று பறிபோகிறது. 1792இல் திப்பு சுல்தான் அரச மரமென அறிவித்த சந்தனம், அளவிறந்த வெட்டாலும் கடத்தலாலும் நோயாலும் அருகியது. 1998இல் உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் அதனைப் பாதிப்புக்குள்ளாகும் இனமாகப் பட்டியலிட்டது. சந்தன எண்ணெயின் விலை ஏறியபோது, அதன் இடத்தில் மணமற்ற திரவ பாரஃபின் நுழைந்தது. செயற்கைக் கூறுகளைக் கொண்டு முதல் நாழிகையின் மணத்தை எளிதில் போலி செய்யலாம். பிற்பகலைப் போலி செய்வது கடினம். அப்போது எஞ்சுவது எண்ணெய்ப் பிசுக்கு மட்டுமே.

'ஆல்கஹால் அற்றது' என்னும் சீட்டைக் கண்டதும் நாம் நிறைவடைகிறோம். வேதியியல் வகைப்பாட்டில் சந்தலாலும் ஆல்கஹாலே. சீட்டு குறிப்பது எத்தனாலை மட்டும். பாரஃபினும் அச்சீட்டுக்குத் தகுதி பெற்றுவிடும். ஆகவே, அது தூய்மைக்குச் சான்றாகாது.

போலி செய்தல் புதிதன்று. ஒன்பதாம் நூற்றாண்டில் அல்கிந்தி எழுதிய நறுமண நூலிலேயே விலையுயர்ந்த வாசனைகளுக்கு மாற்றுச் செய்யும் முறைகள் உண்டு. மாற்றுப் பொருளை மாற்று என்று சொல்லி விற்பதில் குற்றமில்லை. சந்தனத்தின் பெயரால் விற்பதே குற்றம்.

நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கடைவீதியில் ஒரு தானியக் குவியலுக்குள் கைவிட்டு, அடியிலிருந்த ஈரத்தை உணர்ந்து, அதை மக்கள் காணும்படி மேலே வைத்திருக்கலாகாதா என வினவிய செய்தியை நாம் அறிவோம். அத்தரின் அடியிலிருப்பதை அறியக் கையால் இயலாது. காலமே அங்கு கை. ஒரு துளியை வாங்கிக்கொண்டு, ஒரு பகல் காத்திருந்து, பின்னர் விலை பேசுவோர் பெருகுவார்களாயின், கன்னோஜின் செம்புக் கலங்களில் உண்மையான சந்தனம் மீண்டும் இடம்பெறக் காரணம் பிறக்கும்.