துணைப்பாடமாகும் மனித உரிமைகள்

கலைப்பீட மாணவர் மனித உரிமைகளைத் துணைப்பாடமாகப் பயிலுதல் வரவேற்கத்தக்கதே. எனினும், 1948 ஆம் ஆண்டின் உலகப் பிரகடனத்திலுள்ள 30 உறுப்புரைகளையும் மனனஞ் செய்து பரீட்சையில் ஒப்புவித்தல் மாத்திரம் இக்கல்வியின் பயனாகிவிடுமா? உரிமைகளை எண்ணிக் காட்டுதல் எளிது; அவை மீறப்படுமிடத்து நிவாரணம் பெறும் வழியை அறிதலே அரிது.

இலங்கையின் 1978 ஆம் ஆண்டு அரசியலமைப்பு இதற்குத் தக்க சான்றாகும். அதன் மூன்றாம் அத்தியாயம் அடிப்படை உரிமைகளை வகுத்துரைக்கின்றது. ஆட்சித்துறையினரோ நிருவாகத்தினரோ அவற்றை மீறின், உயர் நீதிமன்றத்தை நாடுவதற்கு 126 ஆம் உறுப்புரை அளிக்குங் காலம் ஒரு மாதம் மட்டுமே. அதற்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவிடம் முறையிட்டால், விசாரணை நிலுவையிலுள்ள காலம் அம்மாதத்துட் கணிக்கப்படமாட்டாதென 1996 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்கச் சட்டம் கூறுகின்றது.

மகன் தடுத்து வைக்கப்பட்ட தாயொருத்தி இவ்விதியை அறியாதிருப்பின், அவனது உரிமை ஏட்டளவிலேயே நின்றுவிடும். பிரகடனத்தின் தத்துவமும் வரலாறும் கற்பிக்கப்படல் வேண்டும், ஐயமில்லை. ஆயினும், அத்தாய்க்காக உரிய காலத்துள் ஒரு முறைப்பாட்டை எழுதிக்கொடுக்க அறியாத பட்டதாரிக்கு, அப்பாடத்திற் பெற்ற சித்தி வெறும் புள்ளியேயன்றி வேறென்ன?