நிற்கும் ஆயிரம், ஓடும் விலை

கலைஞர் மகளிர் உரிமைத் தொகைத் திட்டம் 2025 டிசம்பரில் விரிவாக்கப்பட்டபோது இரண்டு தரப்பும் உரக்கப் பேசின. புதிதாகச் சேர்ந்த ஏறத்தாழ 17 லட்சம் பேரையும் கூட்டினால் 1 கோடியே 30 லட்சம் பெண்களுக்கு மாதாமாதம் பணம் போகிறது, இந்தியாவுக்கே இது வழிகாட்டி என்றது ஆளும் தரப்பு. விடுபட்டவர்கள் கதி என்ன, தேர்தல் நெருங்கும்போதுதான் அவர்கள் கண்ணில் பட்டார்களா என்றது எதிர்த்தரப்பு. தொலைக்காட்சி விவாதங்களும் பத்திரிகைத் தலையங்கங்களும் இந்த இரண்டு கரைக்குள்ளேயே ஓடின. யாருக்குக் கிடைக்கிறது, எத்தனை பேருக்குக் கிடைக்கிறது என்ற கணக்கிலேயே எல்லாருடைய கவனமும் போய்விட்டது. கிடைக்கிற ஆயிரம் ரூபாய் இன்று எவ்வளவு பெறும் என்று யாரும் கேட்கவில்லை.

பாராட்ட வேண்டியதைப் பாராட்டிவிடுகிறேன். 2023 செப்டம்பர் 15 அன்று காஞ்சிபுரத்தில் தொடங்கியதிலிருந்து பணம் நேராகப் பெண்ணின் வங்கிக் கணக்குக்குப் போகிறது. இடைத்தரகர் இல்லை, கணவனிடம் கை நீட்ட வேண்டியதில்லை, எந்தத் தேதிக்கு வரும் என்பதும் தெரியும். மாதக் கடைசியில் மளிகைக் கடைக்காரரிடம் தலை குனிந்து நிற்பவருக்கு ஆயிரம் ரூபாய் சிறு தொகை அல்ல. ‘இலவசம்’ என்று இதை எள்ளுபவர்களோடு எனக்குப் பேச எதுவும் இல்லை. மாதக் கடைசி என்ற ஒன்றை அவர்கள் பார்த்ததில்லை என்று விட்டுவிடலாம்.

என் ஆட்சேபம் பழையது. இந்தத் திட்டம் பிறப்பதற்கு முன்பே முதியோர் உதவித்தொகையைப் பார்த்து எழுந்தது. விலைவாசியைச் சமாளிக்கத் தரப்படும் பணத்தை விலைவாசியோடு கட்டாமல் விடுகிறோம். தொகையை ரூபாயில் எழுதி, அதன் மேல் ஒரு முத்திரை குத்தி, அப்படியே நிறுத்திவிடுகிறோம். விலை மட்டும் ஓடிக்கொண்டே இருக்கிறது.

இந்த ஆயிரம் பிறந்த கதையையே எடுத்துக்கொள்ளுங்கள். இல்லத்தரசிகளுக்கு ஊதியம் என்ற பேச்சைக் கமல்ஹாசன் 2020 கடைசியில் கிளப்பினார். 2021 மார்ச் 7 அன்று திருச்சி சிறுகனூர்க் கூட்டத்தில் ஸ்டாலின் ஆயிரம் ரூபாய் என்றார். மறுநாள், மகளிர் தினத்தன்று, எடப்பாடி பழனிசாமி ஆயிரத்து ஐந்நூறு என்றார், ஆறு எரிவாயு சிலிண்டரும் சேர்த்து. ஒரே இரவில் ஒரு குடும்பத்தின் தேவை எப்படி ஐந்நூறு ரூபாய் கூடியது? கூடவில்லை. ஆயிரம் என்ற தொகையை யாரும் ஒரு குடும்பத்தின் செலவைக் கணக்குப் பார்த்துக் கண்டுபிடிக்கவில்லை. மேடையில் சொல்ல வாகாக இருந்தது, சொன்னார்கள்.

அந்த மாதம் சென்னையில் வீட்டு உபயோக சிலிண்டர் 835 ரூபாய். ஆயிரத்தை நீட்டினால் 165 ரூபாய் மிச்சம் வரும். வாக்குறுதி நடைமுறைக்கு வர 2023 செப்டம்பர் ஆயிற்று. இடைப்பட்ட இரண்டரை ஆண்டில் அதே சிலிண்டர் 1,118 ரூபாய் 50 காசுவரை போனது. ஆகஸ்டு கடைசியில் ஒன்றிய அரசு 200 ரூபாய் குறைத்திருக்காவிட்டால், முதல் தவணையை வாங்கிய பெண் ஒரு சிலிண்டருக்குக் கையிலிருந்து மேலும் போட வேண்டியிருந்திருக்கும். ஆவினின் ஆரஞ்சு நிறப் பால் 2022 நவம்பரில் லிட்டர் 48 ரூபாயிலிருந்து ஒரே தாவலில் 60 ஆனது. திட்டம் தொடங்குவதற்கு இரண்டு மாதம் முன்பு, 2023 ஜூலையில், தக்காளி விலை தாங்காமல் அரசே ரேஷன் கடையில் கிலோ 60 ரூபாய்க்கு விற்றது. இவ்வளவுக்கும் இடையில் அசையாமல் நின்றது ஒன்றுதான், அந்த ஆயிரம். சிலிண்டர் பிறகு இறங்கியதே என்பீர்கள். இறங்கியது, மறுபடி ஏறியது. ஒற்றைப் பொருளைப் பிடித்துக்கொண்டு எதையும் நிரூபித்துவிடலாம் என்பதால்தான் விலைவாசிக் குறியீட்டெண் என்ற ஒன்றையே அரசு வைத்திருக்கிறது. அதை இந்தத் திட்டத்தின் அருகில் வரவிடுவதில்லை என்பதே என் புகார்.

ரிசர்வ் வங்கிக்குச் சட்டப்படி வைக்கப்பட்ட இலக்கு 4 சதவீதப் பணவீக்கம். வங்கி தன் கடமையில் முழு வெற்றி பெறுகிறது என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் 2021-இல் வாக்குறுதி தந்த ஆயிரம், ஐந்தாம் ஆண்டில் 822 ரூபாய் பெறும். பத்தாம் ஆண்டில் 676. இது நல்ல காலக் கணக்கு. திறந்து வைத்த கற்பூரம் போலத் தொகை கரைகிறது, டப்பாவின் மேல் ஒட்டிய விலைச்சீட்டு மட்டும் மாறாமல் இருக்கிறது. உதவித்தொகையை ஆயிரத்திலிருந்து 822 ஆகக் குறைக்கிறேன் என்று எந்த நிதியமைச்சராவது சட்டமன்றத்தில் அறிவித்தால் அன்றே தெருவெல்லாம் மறியல் நடக்கும். அதே குறைப்பு அறிவிப்பில்லாமல், கையெழுத்தில்லாமல், ஒவ்வொரு மாதமும் நடக்கிறது.

தகுதி வரம்புக்கும் இதே கதிதான். ஆண்டு வருமானம் 2.5 லட்சத்துக்குள் என்று 2023-இல் ஒரு கோடு போட்டார்கள். அந்தக் கோட்டை விலைவாசியோடு நகர்த்த ஏற்பாடு எதுவும் இல்லை. விலை ஏறியதற்கு ஈடாகக் கூலி கொஞ்சம் ஏறி, வாழ்க்கை ஒரு அங்குலம்கூட முன்னேறாத குடும்பமும் காகிதத்தில் அந்தக் கோட்டைத் தாண்டிவிடும்.

விலையோடு தொகையைக் கட்டும் வித்தை அரசுக்குத் தெரியாது என்றால் பொறுத்துக்கொள்ளலாம். நன்றாகவே தெரியும். தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையத்தின் 2022 கட்டண ஆணைப்படி ஒவ்வொரு ஜூலையிலும் மின்கட்டணம் நுகர்வோர் விலைக் குறியீட்டோடு சேர்ந்து ஏற வேண்டும், 6 சதவீதம் உச்சவரம்பு. 2023-லும் 2025-லும் வீடுகளுக்கான உயர்வை அரசே ஏற்றுக்கொண்டது, மறுக்கவில்லை. 2024-இல் உயர்த்திய 4.83 சதவீதம் வீட்டுக்கும் சேர்த்துத்தான். ஆக, பெண்ணிடமிருந்து வாங்கவேண்டிய பணத்துக்குக் குறியீட்டெண் உண்டு. அவருக்குக் கொடுக்கவேண்டிய பணத்துக்குக் கிடையாது.

அரசு ஊழியருக்கும் ஓய்வூதியருக்கும் அகவிலைப்படி, பழைய வழக்கில் பஞ்சப்படி, ஆண்டுக்கு இருமுறை ஏறுகிறது. மகளிர் உரிமைத் தொகை தொடங்கிய 2023-இன் பிற்பாதியில் அது 46 சதவீதம், 2025 ஜூலைக் கணக்கில் 58. அந்தக் கடைசி 3 சதவீத உயர்வால் மட்டும் ஏறத்தாழ 16 லட்சம் பேருக்காக ஆண்டுக்கு 1,829 கோடி ரூபாய் கூடுதல் செலவு என்று அரசே சொன்னது. வகுத்துப் பார்த்தால் தலைக்கு மாதம் 950 ரூபாய் சொச்சம். அதாவது ஊழியர் அல்லது ஓய்வூதியர் ஒருவரின் ஒரு தவணைப் பஞ்சப்படி உயர்வு, சராசரியாக, இங்கே ஒரு பெண்ணுக்குக் கிடைக்கும் முழுத் தொகைக்குக் கிட்டத்தட்டச் சமம். ஊழியர் வாங்குவது தப்பே இல்லை. பருப்பு விலை ஏறினால் அவர் வீட்டிலும் ஏறும். ஆனால் விலை ஏற்றம் சம்பளக்காரர் வீட்டில் மட்டுமே நடக்கிறது என்று நம்பும் நிர்வாகத்தை எப்படித்தான் நியாயப்படுத்துவது?

‘நிதி தாங்காது’ என்பது ஆயத்தமாக இருக்கும் பதில். 1 கோடியே 30 லட்சம் பேருக்கு ஆண்டுக்கு 4 சதவீதம் கூட்டினால் தலைக்கு மாதம் 40 ரூபாய். மொத்தம் முதல் ஆண்டில் 624 கோடி. மேற்சொன்ன ஒரு தவணைப் பஞ்சப்படி உயர்வில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. ஆண்டாண்டாக அது கூடும் என்பது சரிதான். ஆனால் சரக்கு சேவை வரி விலையின் மேல் சதவீதமாக விதிக்கப்படுவது. விலை ஏறினால் கஜானாவுக்கு வரும் ரூபாயும் ஏறும். விலையேற்றத்தில் அரசின் வரவு தானாகக் கூடலாம், அரசு தரும் உதவி மட்டும் தானாகக் கூடக்கூடாது என்பது என்ன நிதி ஒழுக்கம்?

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பொருளாகக் கொடுப்பதைவிடப் பணமாகக் கொடுப்பதே நவீனமானது என்று பொருளியல் படித்தவர்கள் பல ஆண்டுகளாக நமக்குப் பாடம் நடத்துகிறார்கள். தமிழ்நாட்டின் பழைய திட்டங்களைப் பாருங்கள். சிறப்புப் பொது விநியோகத் திட்டத்தில் துவரம் பருப்பு கிலோ 30 ரூபாய். வெளிச்சந்தையில் அது 150-ஐத் தாண்டிய நாள்களிலும் ரேஷன் கடையில் 30 தான். சந்தை விலை ஏற ஏற, அந்த ஒரு கிலோவுக்குள் இருக்கும் உதவியும் தானே ஏறிவிடுகிறது. ரேஷன் அரிசியும் அப்படித்தான். 2021 மே மாதத்திலிருந்து பெண்கள் கட்டணமின்றிப் போகும் சாதாரணப் பேருந்தும் அப்படித்தான். நாளை டிக்கெட் விலை ஏறினாலும் அவருக்குச் சுழியம்தான். எந்தக் குறியீட்டெண்ணும் இல்லாமலேயே இவை விலைவாசியோடு நடக்கின்றன. பணமாக மாறிய இடத்தில்தான் அந்தப் பாதுகாப்பு கழன்று விழுந்தது. கழன்ற ஒன்றுக்குப் பதில் இன்னொன்றைப் பூட்ட வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

தோன்றவில்லை என்பதுகூட என் தாராளம். தோன்றினால் அரசியலுக்கு நட்டம். தானாக ஏறும் தொகைக்கு நன்றி வாங்க முடியாது. ஏறாமல் வைத்திருந்து, கரைய விட்டு, தேர்தல் வந்ததும் ஒரே வீச்சில் தூக்கிக் கொடுத்தால் அது தலைவரின் கருணை. மத்தியப் பிரதேசத்தின் லாட்லி பெஹ்னா திட்டத்தில் ஆயிரம் 1,250 ஆனது 2023 அக்டோபரில், சட்டமன்றத் தேர்தல் நவம்பரில். மேற்கு வங்கத்தின் லக்ஷ்மீர் பண்டார் உயர்வை அறிவித்தது 2024 பிப்ரவரியில், மக்களவைத் தேர்தல் ஏப்ரலில் தொடங்கியது. ஜார்க்கண்ட் ஆயிரத்தை 2,500 ஆக்கத் தீர்மானித்தது 2024 அக்டோபரில், வாக்குப்பதிவு நவம்பரில். மூன்று மாநிலம், மூன்று கட்சி. விலை ஏறிய மாதத்தைப் பார்த்து உயர்த்தியதாகச் சொல்ல ஒன்றுகூட இல்லை. இப்படி உயர்ந்தால் சில சமயம் விலைவாசியைவிட அதிகமாகவே உயர்கிறது, அதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வாங்குபவருக்கு அடுத்த ஆண்டு எவ்வளவு வரும் என்று தெரியாது. எதிர்த்தரப்பு எவ்வளவு ஏலம் கேட்கிறது என்பதைப் பொறுத்தது அது.

இது விலையேற்றத்துக்கான ஈடு இல்லை, பெண்களின் கூலியில்லா உழைப்புக்கு அரசு செய்யும் அங்கீகாரம் என்று ஆதரவாளர்கள் வாதிடுகிறார்கள். அப்படியே இருக்கட்டும். அந்த உழைப்பு ஒவ்வொரு ஆண்டும் மலிந்துகொண்டே போகிறதா? நூறு நாள் வேலையின் கூலியையே 2011 முதல் விவசாயத் தொழிலாளர் விலைக் குறியீட்டோடு கட்டிவைத்தார்களே, வீட்டு உழைப்பு அதற்கும் கீழா?

அரசு எப்படியும் பார்த்து உயர்த்தும், அவசரப்படாதீர்கள் என்பவர்களுக்குப் பதில் தாலுகா அலுவலகத் திண்ணைகளில் இருக்கிறது. ஓ.ஏ.பி. என்று ஊரில் சொல்லும் முதியோர் உதவித்தொகை 2011-இல் ஆயிரம் ரூபாய் ஆனது. அடுத்த உயர்வு 2023 ஆகஸ்டில், 1,200. அந்தப் பன்னிரண்டு ஆண்டில் இரு கட்சிகளும் ஆண்டன. 2012-ஐ 100 என்று கொண்ட விலைக் குறியீடு அந்த ஆகஸ்டில் 186. பழைய ஆயிரத்தின் மதிப்பைக் காப்பாற்ற மட்டுமே 1,800 ரூபாய்க்கு மேல் தந்திருக்க வேண்டும். கொடுத்தது 1,200, அதையும் சாதனை என்று சுவரொட்டி ஒட்டினார்கள். ஒன்றிய அரசின் பங்கைச் சொன்னால் வாய் கூசும். 79 வயதுவரை உள்ள முதியவருக்கு மாதம் 200 ரூபாய், 2007 முதல் அதே 200. தொழிலாளர் வருங்கால வைப்புநிதி ஓய்வூதியத்தின் குறைந்தபட்சம் 2014-இல் ஆயிரம் என்றார்கள், பத்து ஆண்டு கடந்தும் அசைக்கவில்லை. முதியவர்கள் தேர்தலில் பெரிய வாக்கு வங்கி அல்ல என்பதால் அவர்களை மறந்தார்கள். மகளிர் உரிமைத் தொகையும் புதுமை தேய்ந்து, எல்லா மாநிலத்திலும் வழக்கமாகி, யாருக்கும் ஓட்டு வாங்கித் தராத நாளில் இதே திண்ணைக்குத்தான் வந்து உட்காரும்.

அமெரிக்காவின் முதியோர் ஓய்வூதியம் 1975 முதல் விலையோடு தானாக ஏறுகிறது. அங்கே அதை யாரும் கருணை என்று சொல்வதில்லை, அதற்காக யாருக்கும் பாராட்டு விழாவும் நடப்பதில்லை. இங்கே தேவைப்படுவது ஒரே ஒரு வரி: ஒவ்வொரு ஏப்ரலிலும், முந்தைய ஆண்டின் விலைக் குறியீட்டு உயர்வுக்கு ஏற்ப இந்தத் தொகையும் தகுதி வரம்பும் மாறும். அரசாணையில் எழுதினால் அடுத்த அரசு அழித்துவிடும், ஆகவே சட்டமாக்க வேண்டும். மின்கட்டண ஆணையில் இருக்கும் வாசகத்தை அப்படியே பெயர்த்து எழுதினால்கூடப் போதும்.

வாக்குக் கேட்டு உங்கள் தெருவுக்கு வருபவர் இரண்டாயிரம் தருகிறேன், மூவாயிரம் தருகிறேன் என்று சொன்னால், அந்தத் தொகை மறு ஆண்டு எவ்வளவு ஆகும், அது எந்தச் சட்டத்தில் எழுதியிருக்கிறது என்று அவரிடம் கேளுங்கள்.