சந்தனம் ஏறிய சட்டம்

காளிகாட்டில் மெட்ரோ ஏறினால் ஐந்தாவது நிலையம் பார்க் ஸ்ட்ரீட். கொல்கத்தாவின் இரண்டு ஓவிய மரபுகளுக்கு நடுவே உள்ள தூரம் அவ்வளவுதான். காளிகாட்டின் பட்டுவா ஓவியர்கள் 19ஆம் நூற்றாண்டில் ஆலைக் காகிதத்தில் விறுவிறுவெனத் தீட்டி யாத்ரீகர்களுக்குச் சில்லறைக் காசுக்கு விற்ற படங்கள் எல்லோர் கண்ணுக்கும் உரியவை. 1784இல் தோன்றி இன்று பார்க் ஸ்ட்ரீட்டில் இருக்கும் ஆசியாட்டிக் சொசைட்டியின் பௌத்தச் சுவடிகளிலோ, பெரும்பாலும் மூடிக் கிடப்பதற்கென்றே தீட்டிய ஓவியங்கள் உள்ளன. பால வம்ச மன்னன் மகிபாலனின் 6ஆம் ஆட்சியாண்டில், 10ஆம் நூற்றாண்டின் கடைசியில், நாலந்தாவில் எழுதிய அஷ்டசாஹஸ்ரிகா பிரஜ்ஞாபாரமிதைச் சுவடி அவற்றில் ஒன்று. பார்ப்பார் அரிதான ஓவியத்தை எந்த அளவுகோலால் ரசிப்பது? நூலுக்குப் போட்ட விளக்கப்படம் என்று அணுகினால் ஏமாற்றமே மிஞ்சும். மூர்த்திக்குச் செய்த அலங்காரம் என்று அணுகினால் மேலட்டையில் படிந்த அழுக்குக்கூடப் பொருள் பெறும்.

ஏமாற்றத்துக்குக் காரணம் இருக்கிறது. தாளிப்பனை ஓலையின் அகலம் இரண்டரை அங்குலத்துக்குப் பக்கம். அதற்குள் ஒரு சதுரம், இருபுறமும் எழுத்து. அரிதார மஞ்சளும் சாதிலிங்கச் சிவப்பும் அவுரி நீலமும் கொண்டு, அஜந்தாச் சுவரின் வளைகோட்டை உள்ளங்கையில் அடங்கும்படி சுருக்கியிருக்கிறார்கள். இத்தகைய பால காலச் சுவடிகளில் வழக்கமாக வருபவை லும்பினியில் பிறப்பு, ராஜகிருகத்தில் மதயானை அடங்கியது, வைசாலியில் குரங்கு தேன் படைத்தது முதலிய புத்தரின் எட்டு நிகழ்ச்சிகள். நூல் பேசுவதோ சூனியத்தை. புத்தரின் சீடர் சுபூதியோடு நடக்கும் நீண்ட உரையாடலை. யானையும் குரங்கும் அங்கே எதற்கு? நூலைப் புரிந்துகொள்ளாத ஓவியனின் கைப்பழக்கம் என்று ஒருவர் சொல்லலாம். ஆனால் படங்கள் வைத்த இடம் அதை மறுக்கிறது. அவை பெரும்பாலும் முதலிலும் நடுவிலும் முடிவிலும் உள்ள ஏடுகளில், நுழைவாயில்போல் எதிரெதிரே நிற்கின்றன. தமிழ் வாசகருக்கு இது புதிதல்ல. பாட்டுடைத் தலைவன் யாராக இருந்தாலும் காப்புச் செய்யுள் பெரும்பாலும் பிள்ளையாரைப் பாடும். பொருத்தமில்லை என்று நாம் கேட்பதில்லை, ஏனெனில் அதன் வேலை நூலைக் காப்பது. இந்தப் படங்கள் வண்ணத்தில் பாடிய காப்பு. தொலைவில் ஆர்மீனியரும் இதையே செய்தார்கள். நான்கு நற்செய்திகளிலும் ஒத்த பகுதிகளைக் காட்டும் வெறும் எண் அட்டவணையை அவர்களுடைய ஓவியர்கள் தூண்களும் வளைவுகளும் மயில்களும் நிறைந்த மண்டபமாக மாற்றினார்கள். 13ஆம் நூற்றாண்டில் ஹ்ரோம்கிலாவில் தோரோஸ் ரோஸ்லின் தீட்டிய ஏடுகளில் அந்தக் கலை உச்சத்தைத் தொட்டது. எண்ணுக்கும் மயிலுக்கும் சம்பந்தமில்லை. சந்நிதிக்கு முன் மண்டபம் வேண்டும், அவ்வளவே.

சுவடியை அணைத்துப் பிடிக்கும் மரச்சட்டங்களில், நம் ஊர்ச் சொல்லில் கம்பைகளில், இந்த வாதம் இன்னும் தெளிவாகிறது. பால, நேபாள மரபுச் சட்டங்களில் நேர்த்தியான ஓவியம் உட்புறத்தில்தான், ஏட்டைப் பார்த்தபடி இருக்கிறது. வெளிப்புறத்தில் பல சட்டங்களில் சந்தனமும் குங்குமமும் தலைமுறை தலைமுறையாய்ப் படிந்து பொருக்காகியிருக்கின்றன. எழுதிய நூலை மலராலும் நறுமணத்தாலும் வழிபடுவது ஸ்தூபியை வழிபடுவதிலும் மேல் என்று பிரஜ்ஞாபாரமிதையே சொல்கிறது, சொன்னபடி செய்திருக்கிறார்கள். அந்தப் பொருக்கைச் சுரண்டிவிட்டால் வேலைப்பாடு துலங்குமே என்பது நியாயமான ஆட்சேபம்தான். மரத்தை அரிப்பதை அகற்றத்தான் வேண்டும். ஆனால் தச்சன் கைவிட்ட நாளோடு சட்டம் முடிந்துவிட்டது என்று ஏன் கொள்ள வேண்டும்? ஆர்மீனிய நற்செய்தி நூல்களின் தோல், வெள்ளி அட்டைகளில் பிற்காலக் குடும்பங்கள் வேண்டுதலாய்ப் பதித்த சிலுவைகளும் கற்களும் ஒழுங்கின்றி நெருங்கி நிற்கின்றன. அவற்றைப் பிடுங்கி முதல் வடிவத்தை மீட்க யாரும் முனைவதில்லை. வெள்ளிக்குத் தரும் மரியாதையைச் சந்தனத்துக்கும் தரவேண்டும்.

பூசை வந்தால் படிப்பு போய்விடும் என்பது கடைசி ஆட்சேபம், வலுவானதும் அதுவே. சரஸ்வதி பூஜையன்று அடுக்கிய புத்தகத்தைத் தொடக் கூடாது என்று வளர்ந்தவர்களுக்கு அது உறைக்கும். ஆனால் சுவடிகளின் வரலாறு வேறு கணக்குச் சொல்கிறது. நேபாளத்தில் 1015இல் எழுதி, இன்று கேம்பிரிட்ஜில் இருக்கும் இன்னொரு அஷ்டசாஹஸ்ரிகாவில் 1139இல் ஒரு குறிப்பு சேர்ந்தது: நம்பிக்கையற்றவர் கையில் விழாமல் அந்நூலைக் கருணவஜ்ரர் என்பவர் மீட்டாராம். கொள்ளைபோன நற்செய்தி நூல்களை, சிறைப்பட்ட மனிதரை மீட்பதுபோல் மீட்புப் பணம் கொடுத்து மீட்டதாக ஆர்மீனிய ஏட்டுக் குறிப்புகளும் பேசுகின்றன. படிப்பதற்கு மட்டுமான பிரதி தொலைந்தால் வேறு பிரதி போதும். மூர்த்தி தொலைந்தால் தேடிப் போகத்தான் வேண்டும். நாலந்தாவின் விகாரைகள் இடிந்து செங்கல்லாய்க் கிடக்கின்றன. அங்கே எழுதிய ஓலை ஆயிரம் ஆண்டு கடந்து பார்க் ஸ்ட்ரீட்டில் இருக்கிறது.