வழுவும் திருத்தமும்: தொடக்ககால லினக்ஸ் வழங்கல்கள்

லினஸ் டோர்வால்ட்ஸ் 1991இல் வெளியிட்ட லினக்ஸ் இயங்குதளத்தின் உட்கருவான வெறும் கெர்னல்தான். அதை வைத்துக் கடிதம் எழுதவோ கணக்குப் பார்க்கவோ முடியாது. கம்பைலர், எடிட்டர், வரைகலைத் திரை என்று பலர் பல இடங்களில் எழுதிய நிரல்களைத் திரட்டி, ஒன்றோடொன்று பொருந்தச் செய்து, நிறுவத்தக்க தொகுப்பாகத் தந்தவை வழங்கல்கள். இந்த அமைப்பிலேயே ஒரு சிக்கல் இருந்தது. நிரல் பழுதானால் அதை எழுதியவரிடம் சொல்வதா, தொகுத்தவரிடம் சொல்வதா?

1992இல் பீட்டர் மெக்டொனால்ட் தொகுத்த எஸ்.எல்.எஸ். அன்று பரவலாகப் பயன்பட்ட வழங்கல். அதில் வழுக்களும் மிகுதி. சொன்ன குறைகள் திருத்தம் பெறாததால் பயனர்கள் தாமே திருத்தத் தொடங்கினர். அப்படித் திருத்திய படியை பேட்ரிக் வோல்கர்டிங் 1993 ஜூலையில் ஸ்லாக்வேர் என்ற பெயரில் வெளியிட்டார். அடுத்த மாதமே, ஆகஸ்ட் 16 அன்று, அதே மனக்குறையோடு இயன் மர்டாக் டெபியனை அறிவித்தார். இன்றும் வழக்கிலுள்ள மிகப் பழைய இரண்டு வழங்கல்களும் செவிசாய்க்கப்படாத புகார்களிலிருந்து பிறந்தவை எனலாம்.

இரண்டும் போன வழி வேறு. ஸ்லாக்வேரில் வோல்கர்டிங்குக்கு மின்னஞ்சல் அனுப்புவதே முறையீடு. மாறியவை அனைத்தும் மாற்றப் பதிவேடு என்ற ஒரே உரைக்கோப்பில் நாள்வாரியாக ஏறும். பாதுகாப்புத் திருத்தமாக இருந்தால் அதற்குத் தனிக் குறிப்பு உண்டு. கடைக்காரரின் பேரேடு போன்ற இந்த எளிமை ஒரு மனிதரின் உழைப்பை நம்பி நின்றது.

டெபியனில் தொகுப்பாளர்கள் பலர். ஆகவே நினைவை நம்ப முடியாது; பதிவு வேண்டும். 1994இல் இயன் ஜாக்சன் எழுதிய வழுத்தட அமைப்பு முழுக்க மின்னஞ்சலிலேயே இயங்கியது. கடிதத்தின் முதல் வரியில் நிரற்பொதியின் பெயர், அடுத்ததில் பதிப்பெண், பிறகு விவரம். வந்ததும் அதற்கு ஓர் எண் கிடைக்கும். அந்த எண்ணுக்கு வரும் மறுமொழிகளெல்லாம் அதன் கீழேயே சேரும். திருத்தியவர் எண்ணோடு ‘முடிந்தது’ என்னும் சொல் சேர்ந்த முகவரிக்கு எழுதினால் வழு மூடப்படும். புகார் தந்தவருக்கும் செய்தி போகும். பின்னாளில் இது இன்னும் சுருங்கியது: நிரற்பொதியின் மாற்றக் குறிப்பில் வழு எண்ணை எழுதினாலே போதும், புதிய பதிப்பு ஏறும்போது பழைய புகார் தானே மூடிக்கொள்ளும். விருப்பக் கோரிக்கை முதல் கணினியையே குலைக்கும் ‘மிகக் கடுமை’ வரை தரவரிசையும் உண்டு. கடுமையான வழுக்கள் தீராமல் புதிய வெளியீடு வராது. டெபியன் காலந்தாழ்த்துவதற்குப் பேர்பெற்றது இதனால்தான். 1997இல் ஏற்ற சமூக ஒப்பந்தத்தில், சிக்கல்களை மறைக்க மாட்டோம் என்ற உறுதியும் இடம்பெற்றது. குறைப்பட்டியலை ஊரறிய வைப்பது அன்றைய மென்பொருள் வணிகத்தில் எளிதில் காணக் கிடைக்காத துணிவு.

‘பக்’ என்பதற்குத் தமிழ்க் கணிமையாளர்கள் கொண்ட ‘வழு’ இலக்கணச் சொல். வழு, வழாநிலை, வழுவமைதி என மூன்றாகப் பகுத்தனர் இலக்கணிகள். குற்றம்தான், ஆயினும் காரணம் கருதி ஏற்கப்படுவது வழுவமைதி. ‘திருத்தப்போவதில்லை’ என்று டெபியனில் ஒட்டப்படும் குறிக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் கிடைப்பது அரிது.

திருத்தம் உருவானால் போதாது, பயனரை எட்டவும் வேண்டும். டெபியனின் பாதுகாப்பு அறிவிப்புகள் மின்னொப்பமிட்ட கடிதங்களாகச் சென்றன. எந்தப் பொதி, என்ன ஆபத்து, எந்தப் பதிப்பில் சரியானது என்பவற்றோடு கோப்புகளின் சரிபார்ப்பு எண்களும் இருக்கும். அறிவிப்பைப் படித்துக் கோப்பைக் கையால் இறக்கிய காலம் அது. 1999 மார்ச்சில் டெபியன் 2.1 உடன் ஆப்ட் என்னும் பொதி நிறுவும் கருவி வந்தபின் ஓரிரு கட்டளைகளில் வேலை முடிந்தது.

இவையெல்லாம் இணைப்பு உள்ளவர்களுக்கு. இந்தியாவில் பொதுமக்களுக்கான இணையம் 1995 ஆகஸ்ட் 15 அன்றுதான் அரசு நிறுவனமான வி.எஸ்.என்.எல். வழியாக வந்தது, அதுவும் தொலைபேசிக் கம்பியில். பழவேற்காட்டு முகத்துவாரம் மணல்மேடிட்டால் கடலில் எவ்வளவு மீன் இருந்தும் ஏரியிலுள்ள படகு வெளியே போக முடியாது. அன்றைய இந்தியப் பயனரின் நிலையும் அதுதான். திருத்தங்கள் வெளிநாட்டுச் சேவையகங்களில் குவிந்திருந்தன, வாய் அடைபட்டிருந்தது. அடைப்பைச் சுற்றிப் போக உதவியது குறுந்தகடு. 1996இல் பி.சி.குவெஸ்ட் இதழ் லினக்ஸைத் தகட்டில் வைத்து வாசகருக்குத் தந்தது. அடுத்து வந்த ஆண்டுகளிலும் தொடர்ந்தது. தகட்டில் வந்த பதிப்பு அச்சேறும்போதே பழசாகியிருக்கும். அதிலுள்ள வழுவைப் புகாராக எழுதினால், ‘அது புதிய பதிப்பில் சரியாகிவிட்டது’ என்ற பதில் வருவது இயல்பு. பதிப்பெண் வரியின் அருமை இங்கேதான் புரியும். சென்னையில் லினக்ஸ் பயனர் குழு ஐ.ஐ.டி. வளாகத்தில் மாதந்தோறும் கூடியது. இத்தகைய கூட்டங்களில் தகடுகளோடு தீர்வுகளும் கைமாறின.

தமிழருக்கு இன்னொரு வகை வழுவும் இருந்தது: எழுத்தே உடைந்தது. யூனிகோடில் ‘கொ’ என்பது ககரமும் அதன்பின் ஒகரக் குறியும். திரையில் குறியின் ஒரு பாதி ககரத்துக்கு முன்னும் மறுபாதி பின்னும் நிற்க வேண்டும். இதை அறியாத நிரல்களில் கொம்பு இடம்மாறி, ‘கொடி’ வாசிக்க முடியாத கோலமாகிவிடும். கிரேக்கத்தின் ‘பான்’, ஜப்பானிய ‘கோ’ இரண்டையும் சேர்த்துப் பெயர் பெற்ற பாங்கோ என்னும் நூலகம் 2002இல் ஜி.டி.கே. 2 என்னும் வரைகலைக் கருவித்தொகுப்புடன் இதற்கு வழி செய்தது. ஃபயர்ஃபாக்ஸ் உலாவியோ தன் அதிகாரப்பூர்வ லினக்ஸ் பதிப்பில் பாங்கோவைப் பயன்படுத்தவில்லை. ஃபெடோரா என்னும் வழங்கல் தன் படியில் அதைச் சேர்த்துக் கொடுத்தது. மூல நிரலாளர் தயங்கும் இடத்தில் தொகுப்பாளர் முந்திக்கொள்ளலாம் என்பதற்கு இது நல்ல சான்று, எழுதியவரிடமா தொகுத்தவரிடமா என்ற தொடக்கக் கேள்விக்கு நடைமுறையில் கிடைத்த விடையும்கூட. அதிகாரப்பூர்வ ஃபயர்ஃபாக்ஸில் இந்தக் குறை 2008 ஜூனில் மூன்றாம் பதிப்போடு நீங்கியது.