சுவரின் இருபுறமும்

கலையைச் சுவைப்பது வேறு, அதனை விமர்சிப்பது வேறு என்று கூறுவோர் உளர். நாம் அக்கூற்றை ஏற்பதில்லை. நெஞ்சுக்கு நெருங்கிய கலைஞனையே மிகக் கூர்ந்து நோக்குதல் வேண்டும். ஏனெனில் நம்மை மயக்கும் வல்லமை அவனிடமே உண்டு. 2011 மே மாதத்தில் இலண்டன் ஓ2 அரங்கில் றோஜர் வோட்டர்ஸ் நிகழ்த்திய ‘சுவர்’ இசைநிகழ்ச்சியைக் கண்டு வெளிவந்தபோது இவ்வுண்மையை நாம் நன்குணர்ந்தோம்.

றொக் இசையை நாடகத்தோடும் ஓவியத்தோடும் இணைத்து வளர்த்த பிங்க் புளொயிட் குழுவின் பாடலாசிரியருள் முதன்மையானவர் வோட்டர்ஸ். 1977 யூலை 6 ஆந் திகதி மொன்றியல் ஒலிம்பிக் அரங்கில் அக்குழு இசைத்தபோது, ஆரவாரித்த ரசிகரொருவர்மீது அவர் எச்சில் உமிழ்ந்தார். தம் செயலைக் கண்டு அவரே வெட்கினார். தமக்கும் மக்களுக்குமிடையே சுவரொன்று எழுந்துவிட்டதென்ற அவ்வுணர்விலிருந்தே 1979 இல் ‘சுவர்’ இசைத்தொகுதி பிறந்தது. தமது இழிசெயலை மறைக்காது அதனையே கலைக்குப் பொருளாக்கிய நேர்மை போற்றத்தக்கது.

மேடையில் அச்சுவர் உண்மையாகவே எழும்புகிறது. பாடல்கள் நடைபெற நடைபெறக் கடதாசி மட்டைக் கற்கள் ஒன்றன்மேலொன்றாக அடுக்கப்படுகின்றன. இடைவேளைக்குள் இசைஞர் முற்றாக மறைந்துவிடுகின்றனர். பிற்பகுதி தொடங்கும்போது இசை கேட்கிறது, இசைப்போரைக் காணோம். யாரைக் காண வந்தோமோ அவரை மறைத்து நிற்கும் வெண்சுவரையே ஆயிரக்கணக்கானோர் நோக்கியிருந்தோம். இசைநிகழ்ச்சியொன்றில் இவ்வளவு தனிமையை நாம் முன்னொருபோதும் உணர்ந்ததில்லை. போரிலே மாண்டோரின் படங்கள் அதே சுவரில் ஒளிர்ந்தபோது, அரங்கு முழுவதும் அமைதியாயிற்று.

அப்படங்களுள் முதன்மையானது அவர் தந்தையினது. எரிக் பிளெட்சர் வோட்டர்ஸ் ஓர் ஆசிரியர். கம்யூனிஸ்ட் கட்சியைச் சார்ந்தவர். முதலிற் படைச்சேவையை மறுத்து, பின்னர் பாசிசத்தை எதிர்த்துப் போரிடச் சென்று, 1944 பெப்ரவரி 18 இல் இத்தாலியின் அன்சியோவில் மாண்டார். மகனுக்கு அப்போது ஐந்து மாதம். தாயாரும் ஆசிரியையே. அவ்வாறாயின், அம்மகனின் படைப்பில் ஆசிரியன் கோரப் பொம்மையாக மேடையில் ஆடுவதேன்?

ஆசிரியத் தொழிலில் உள்ளோர் இவ்விடத்திற் சினங்கொள்ளுதல் இயல்பு. ஆனால் அங்கு சாடப்படுவது கற்பித்தலன்று. பிள்ளையை அச்சுறுத்தி அச்சில் வார்க்கும் கல்விமுறை. குறை வேறிடத்தில் உளது. தந்தையின் இழப்பு, தாயின் கண்டிப்பு, ஆசிரியனின் பிரம்பு என்று ஒவ்வொரு கல்லையும் தனிமனிதனின் துயராகவே வோட்டர்ஸ் காண்கிறார். கற்களைச் சுட்ட சூளை எங்குளது என்ற வினா படைப்பினுள் முழுமையாக எழவில்லை. அந்த ஆசிரியனும் அச்சூளையில் வெந்தவனே.

அவ்வினாவை எழுப்பியோர் மாணவர். 1980 இல் தென்னாபிரிக்காவில், நிறவெறி அரசின் சமத்துவமற்ற கல்வியை எதிர்த்து வகுப்புகளைப் புறக்கணித்த மாணவர் இத்தொகுதியின் பாடசாலைப் பாட்டைத் தமதாக்கிக் கொண்டனர். அரசு அதனைத் தடைசெய்தது. ஆங்கில இளைஞனொருவனின் மனக்காயமாகப் பிறந்த பாட்டு, அடக்கப்பட்டோர் வாயிற் சமூகக் குரலாயிற்று. படைப்பின் பொருளைக் கலைஞன் மட்டும் நிறைவுசெய்வதில்லை என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுமோ?

அதே பாட்டின் மற்றொரு வரலாறும் நினைக்கத்தக்கது. இசைத்தட்டில் அதனைப் பாடியோர் இலண்டன் இஸ்லிங்டன் கிறீன் பாடசாலைச் சிறுவர். அவர்களை அழைத்துச் சென்றவர் அவர்தம் இசையாசிரியரே. பாடசாலைக்கு 1000 பவுண் கிடைத்தது. பாடல் உலகெங்கும் விற்பனையாயிற்று. பாடியோருட் சிலர் தமக்குரிய உரிமைப்பணத்தை 2004 இலேயே கோர நேர்ந்தது. 2010 முதல் 2013 வரை 219 முறை நிகழ்ந்த ‘சுவர்’ சுற்றுப்பயணம் 45 கோடி டொலருக்கு மேல் ஈட்டியது. கலையைப் பண்டமாக்கும் சந்தை, தன்னைக் கண்டிக்கும் கலையையும் விற்கும். அரங்கின் வாயிலில் நுழைவுச்சீட்டின் விலையாக நின்ற சுவரை மேடையில் எவரும் இடிக்கவில்லை.

எனினும், இறுதியில் சுவர் பேரோசையுடன் சரிந்தபின், இசைஞர் எளிய கருவிகளோடு அதன் முன்னே வந்து நின்று இசைத்த காட்சியை நாம் மறக்கமாட்டோம். முற்பகுதியில் அந்நகரச் சிறுவர் மேடையேறி, ஆசிரியப் பொம்மையை விரல் நீட்டி எதிர்த்ததையும் மறக்கமாட்டோம். வகுப்பறையில் அவ்விரல் நம்மை நோக்கி நீளுமானால், நாம் பிரம்பை எடுப்போமா, அன்றிப் பிள்ளைகளோடு சேர்ந்து சூளையை நோக்கி விரல் நீட்டுவோமா? இவ்வினாவோடு நம்மை வீட்டுக்கு அனுப்பிய கலைக்கு நாம் நன்றியுடையோம்.